நேவிகேட்டர் சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர் மட்டும் கண்டுக்க மாட்டேங்குது: மேப் அப்டேட் போடுவது எப்படி?

ஆற்காடு_ரோடு

5 அங்குல கார் நேவிகேட்டர், முன் கண்ணாடியில் ஒட்டுகிற வகை. பின்னால் மினி யூஎஸ்பி. மேப் ரொம்பப் பழசு. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இன்னும் வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு, 2019-க்கு முந்தின சரக்கு. விண்டோஸ் 10 லேப்டாப்பில் கம்பெனியோட அப்டேட் சாஃப்ட்வேர் இறக்கியாச்சு. வயரைச் செருகினால் நேவிகேட்டர் ஆன் ஆகுது, பேட்டரி படத்தில் மின்னல் குறி வருது, ஆனா எப்பவும் வர்ற மேப் திரைதான் நிக்குது. 'திஸ் பிசி'யில் புது டிரைவ் எதுவும் இல்லை. சாஃப்ட்வேர் தேடிக்கிட்டே இருக்கு. வயர், கார் சார்ஜருக்குன்னு விற்கிற 3 மீட்டர் வயர். விண்டோஸில் இருக்கிற டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போடணுமா, இல்ல நேவிகேட்டருக்கு மாஸ்டர் ரீசெட்டா?

அகழிக்கரை

ரீசெட் பக்கமே போகாதீங்க. மாஸ்டர் ரீசெட் கொடுத்தால் சேமிச்சு வெச்ச இடங்கள் எல்லாம் போயிடும், கனெக்‌ஷனும் வராது.

நீங்க சொன்னதிலேயே விடை இருக்கு: மேப் திரை மாறலை. கம்ப்யூட்டரோடு சரியா இணைஞ்சா இந்த வகை நேவிகேட்டர் மேப்பை விட்டுட்டு, கம்ப்யூட்டரோடு சேர்ந்த மாதிரி ஒரு படம் காட்டும். அது வரலைன்னா கருவி தன்னை 'காரில்தான் இருக்கேன்'னு நினைச்சுக்கிட்டிருக்கு. டிரைவரைத் தொட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

காரணம் வயர். மினி யூஎஸ்பி முனையில் 5 பின். 1 பவர், 2 டி மைனஸ், 3 டி பிளஸ் (இந்த இரண்டும் டேட்டா), 4 ஐடி, 5 எர்த். சாதாரண டேட்டா வயரில் 4-ஆவது பின் எதோடயும் சேராமல் சும்மா விட்டிருப்பாங்க. கார்மின் மாதிரி நேவிகேட்டருக்கான கார் வயரில் அந்த 4-ஆவது பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் சுமார் 18 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதைப் பார்த்ததும் கருவி 'சார்ஜ் மட்டும் எடுத்துக்கோ, மேப்பை ஓட்டு'ன்னு புரிஞ்சுக்கும். காரில் அது நல்ல ஏற்பாடு, இல்லைன்னா வண்டியில் செருகும்போதெல்லாம் மேப் நின்னுபோகும். கம்ப்யூட்டரில் அதே ஏற்பாடு நமக்கு எதிரி.

இன்னொரு வகை கார் வயர் இன்னும் மோசம், உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். டேட்டாவுக்கான வெள்ளை, பச்சை இரண்டும் கிடையாது. எந்த வகையா இருந்தாலும் உங்க வேலைக்கு ஆகாது. பழைய டிஜிட்டல் கேமரா, பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கோடு வந்த மினி யூஎஸ்பி வயர் வீட்டில் இருந்தா அதை எடுங்க. கடையில் கேட்கும்போது 'சார்ஜிங் வயர்'னு சொல்லாம 'மினி யூஎஸ்பி டேட்டா கேபிள், 1 மீட்டர்'னு கேளுங்க.

வயர்மேன்_காட்பாடி

அகழிக்கரை அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் அளவு கணக்கும் சேர்க்கிறேன். டேட்டா வயராவே இருந்தாலும் 3 மீட்டர் வயரை அப்டேட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

மலிவு வயரில் பவர் கம்பி 28 கேஜ் (கேஜ் எண் கூடினா கம்பி மெல்லிசு). ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் சொச்சம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டருக்கு கிட்டத்தட்ட 1.28 ஓம். அரை ஆம்பியர் ஓடினா 0.64 வோல்ட் வயரிலேயே காலி. லேப்டாப் 5 வோல்ட் கொடுத்தாலும் நேவிகேட்டருக்கு 4.36 தான் போய்ச் சேரும். அந்த நிலைமையில் கனெக்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், திரை வெளிச்சம் கூடினதும் அறுந்துபோகும். '40 சதவீதத்தில் நிக்குது'ன்னு புலம்புறவங்கள்ல நிறைய பேரோட பிரச்சினை இதுதான். 24 கேஜ் கம்பி போட்ட 1 மீட்டர் வயரில் இந்த இழப்பு 0.1 வோல்டுக்குள்ள அடங்கிடும்.

வயரில் டேட்டா கம்பி இருக்கான்னு மல்டிமீட்டரால பார்க்கலாம். கன்டினியூட்டி முறையில் வைங்க. தட்டையான பெரிய முனையில் நடுவில் இருக்கிற இரண்டு பட்டைதான் டேட்டா. மினி முனைக்குள்ள மீட்டரோட கம்பி நுழையாது, மெல்லிய தையல் ஊசியை மீட்டர் முனையோடு சேர்த்துப் பிடிச்சு 2, 3 பின்னைத் தொடுங்க. இரண்டுக்கும் பீப் வரணும். அப்புறம் மீட்டரை ஓம் பக்கம் திருப்பி 4-க்கும் 5-க்கும் நடுவில் பாருங்க. ஒன்றும் காட்டாம இருந்தா டேட்டா வயர். 17, 18 கிலோ ஓம் காட்டினா கார் வயர். வயரை எதிலும் செருகாமல்தான் இந்தச் சோதனை எல்லாம்.

நீலத்திரை

வயரை மாற்றிய பிறகும் வரவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது காதால்தான். செருகியதும் விண்டோஸ் இரட்டை ஒலி எழுப்புகிறதா?

ஒலியே இல்லை: கம்ப்யூட்டருக்கு எதுவும் எட்டவில்லை. வயர், போர்ட், கருவியின் துளை, இந்த மூன்றுக்குள்தான் குறை. மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டை விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு நீள வயர் வழியாக மதர்போர்டுக்குப் போவதால் அங்கே தொந்தரவு அதிகம். பின்பக்கம், முடிந்தால் நீல நாக்கு இல்லாத யூஎஸ்பி 2.0 போர்ட். ஹப் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியருக்கும் 3.0 போர்ட் 900-க்கும் கணக்கு, ஆனாலும் சில பழைய கருவிகள் 3.0-இல் அடம்பிடிக்கின்றன.

ஒலி வருகிறது, உடனே போகும் ஒலியும் வருகிறது, மறுபடி வருகிறது: இது பவர். நேவிகேட்டர் பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் இப்படித்தான் எழுந்து எழுந்து விழும். சுவர் சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு முயலுங்கள்.

ஒலி வந்து நிற்கிறது, டிரைவ் மட்டும் இல்லை: இப்போதுதான் விண்டோஸ் பக்கம் வரவேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மேனேஜர். 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் அதைத் திறந்து குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 43 என்றால் கருவி தன்னை யார் என்று சரியாகச் சொல்லவில்லை, பெரும்பாலும் மறுபடி வயர் அல்லது துளைதான். 43-க்கு டிரைவர் தேடி இணையத்தில் அலைவது வீண் வேலை. அந்தத் தேடலில் கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' சாஃப்ட்வேர்களை நிறுவுவது அதைவிடக் கெடுதல்.

மஞ்சள் முக்கோணமே இல்லாமல் டிரைவ் தெரியவில்லை என்றால் அதே வலது கிளிக் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட். நேவிகேட்டரின் நினைவகம் டிரைவ் எழுத்து (டி, இ போன்றது) ஒதுக்கப்படாமல் அங்கே உட்கார்ந்திருக்கும். அலுவலக நெட்வொர்க் டிரைவ் ஏதாவது அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். அதன்மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்', பின்வரிசை எழுத்து ஒன்றைக் கொடுங்கள். 'ஃபார்மேட்' என்ற வரியும் அதே மெனுவில் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் தவறினால் மேப் முழுக்கப் போய்விடும்.

புது மாடல்கள் பென் டிரைவ் போல வராமல் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் வரும். அவற்றுக்கு டிரைவ் எழுத்தே இருக்காது, கருவியின் பெயர்தான் தெரியும். விண்டோஸின் 'என்' பதிப்பாக இருந்தால் மீடியா ஃபீச்சர் பேக் போட்டால்தான் அதுவும் தெரியும்.

சலவன்பேட்டை

அலுவலக லேப்டாப்பாக இருந்தால் ஒரு கேள்வி முதலில் கேட்கணும்: சாதாரண பென் டிரைவ் அதில் திறக்குதா? பல கம்பெனியில் வெளி டிரைவைப் பூட்டி வெச்சிருப்பாங்க. சார்ஜ் ஏறும், ஒலியும் வரும், திறந்தா அனுமதி இல்லைன்னு சொல்லும். அதை உடைக்கப் பார்க்காதீங்க, வேற லேப்டாப் எடுங்க.

குடியாத்தம்_குறும்பு

இன்னா சார், செல்லுல மேப் கீது, இத்த வெச்சிக்கினு எதுக்கு மல்லுக்கட்டுறீங்கோ?

ஜவ்வாது_ஏற்றம்

போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் ஏறிப் பாருங்க, சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். நேவிகேட்டருக்கு நெட்டே வேண்டாம். செல்லிலும் ஆஃப்லைன் மேப் இறக்கலாம், சரிதான். ஆனா மதிய வெயிலில் கண்ணாடி ஓரம் வெச்ச செல் சூடாகி சார்ஜ் ஏறுவதையே நிறுத்திடும். கேள்விக்கு வருவோம்.

ஆற்காடு_ரோடு

1 மீட்டர் டேட்டா வயர் போட்டதும் படம் வந்துச்சு, டிரைவும் வந்துச்சு. இப்ப சாஃப்ட்வேர் கருவியைக் காட்டுது, ஆனா 'சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை'ங்குது. பிரவுசரில் மத்த பக்கங்களும் பாதி திறக்கலை, ஏதோ சான்றிதழ் எச்சரிக்கை வருது. நெட் செல் ஹாட்ஸ்பாட்.

நீலத்திரை

கீழ் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் எச்சரிக்கை எல்லா இடத்திலும் வந்தால் தேதிதான். லேப்டாப் பழையது, மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் முழுக்க அறுந்ததும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் செல்லாது, அதனால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் நடக்காது. தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்யுங்கள். இந்தியாவுக்கு 5.30 கூட்டல். நிரந்தரத் தீர்வு அந்த பேட்டரியை மாற்றுவது. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் அநேகமாக சிஆர்2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் வயரோடு சேர்த்துச் சுற்றிய வடிவில் இருக்கலாம், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயர்மேன்_காட்பாடி

ஹாட்ஸ்பாட்னு சொன்னதால இன்னொண்ணு. மேப் கோப்பு சில ஜிபி இருக்கும். உங்க பிளான் நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என்றால் அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிடும். சாஃப்ட்வேர் நின்னுபோன மாதிரியே தெரியும், பிழைச் செய்தியும் வராது. அந்த நேரத்தில் 'ஹேங் ஆயிடுச்சு'ன்னு வயரைப் பிடுங்கிடாதீங்க. முடிஞ்சா பிராட்பேண்ட் இருக்கிற இடத்தில் செய்யுங்க. ஹாட்ஸ்பாட்தான் வழின்னா விண்டோஸில் அந்த வைஃபைக்கு 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா சில சாஃப்ட்வேர் பதிவிறக்கத்தைத் தள்ளிப்போடும்.

சி டிரைவில் இடமும் பாருங்க. கோப்பு முதலில் லேப்டாப்பில் இறங்கி, அங்கே பிரிஞ்சு, பிறகுதான் நேவிகேட்டருக்குப் போகுது. மேப் அளவுபோல இரண்டு மடங்கு காலி இடம் வெச்சுக்கிட்டா நிம்மதி.

அகழிக்கரை

அப்டேட் பொத்தானை அமுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது, இதைத் தவறவிடாதீங்க. நேவிகேட்டர் டிரைவைத் திறந்தா 'ஜிபிஎக்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள 'கரன்ட்' என்ற கோப்புதான் நீங்க சேமிச்ச இடங்கள். ஃபோல்டரையே லேப்டாப்புக்குக் காப்பி எடுங்க. ஒரு நிமிஷ வேலை.

அப்புறம் லேப்டாப்பின் பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்க. மூடியை மூடினாலும் தூங்காதபடி மாத்துங்க. அதே இடத்தில் அட்வான்ஸ்டு பகுதியில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' இருக்கும், டிசேபிள். இது ஆன்ல இருந்தா, கோப்பு லேப்டாப்பில் பிரியும் நேரத்தில் போர்ட் சும்மா இருக்குன்னு நினைச்சு விண்டோஸ் அதை உறங்க வெச்சிடும். காப்பி தொடங்கும்போது கருவி இருக்காது.

மேசைக் கம்ப்யூட்டர்காரங்க மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளில் இந்த வேலையை வெச்சுக்காதீங்க. யூபிஎஸ் இருக்கேன்னு சொல்வீங்க, வீட்டு யூபிஎஸ் பல நேரம் கால் மணி நேரம் கூடத் தாங்காது. மேப் பாதியில் அறுந்தா மறுபடி போட்டுக்கலாம். ஃபர்ம்வேர், அதாவது கருவியை ஓட்டுகிற உள் சாஃப்ட்வேர், பாதியில் அறுந்தா கருவி எழுந்திருக்காமலே போகலாம்.

குடியாத்தம்_குறும்பு

செரி, கிண்டலு போதும், என் கேள்வி. டேஷ்கேமு, சி டைப்பு. லேப்டாப்புல சி டூ சி வயர் போட்டா உசுரே வர்ல. அதே கேமரா கார்ல நல்லா ஓடுது. வயரும் நல்ல வயரு, போன்ல டேட்டா போவுது.

வயர்மேன்_காட்பாடி

வயரும் நல்லதுதான், லேப்டாப்பும் நல்லதுதான், கேமராவில் இரண்டு ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. சி போர்ட்டின் சட்டப்படி கருவி பக்கம் சிசி பின்களில் (எதிர்முனையில் என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிற பின்கள்) 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்கு இருக்கணும். அது இருந்தாத்தான் லேப்டாப்பின் சி போர்ட் 5 வோல்டைத் திறந்துவிடும். மலிவு கருவிகளில் அது இருக்காது. பழைய தட்டை யூஎஸ்பி போர்ட் எதையும் கேட்காம பவர் கொடுக்கும், அதனால கார் சார்ஜரில் ஓடுது. ஒரு முனை தட்டை, ஒரு முனை சி உள்ள வயரைப் போடுங்க. லேப்டாப்பில் சி மட்டும்தான் இருக்குன்னா சியிலிருந்து தட்டைக்கு மாற்றும் சின்ன அடாப்டர் வாங்கி, அதில் இந்த வயர். ஓடும்.

ஜவ்வாது_ஏற்றம்

டேஷ்கேமுக்கு வயரே வேண்டாம்ங்க. கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு ஃபர்ம்வேர் கோப்பை வெச்சுட்டாப் போதும், பெரும்பாலான மாடலில் அவ்வளவுதான். சொதப்புவது மூணு இடத்தில்.

64 ஜிபி கார்டு கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கும். சில கேமராவுக்கு ஃபேட்32 தான் படிக்கத் தெரியும். அப்டேட்டுக்கு மட்டும் ஒரு 16 அல்லது 32 ஜிபி கார்டு வைங்க, அதையும் கேமராவிலேயே ஃபார்மேட் பண்ணுங்க, கம்ப்யூட்டரில் வேண்டாம்.

கோப்பு கார்டின் வெளி அடுக்கில் இருக்கணும், ஃபோல்டருக்குள்ள இல்லை. ஜிப்பா இறக்கியிருந்தா பிரிக்கணுமா கூடாதான்னு கம்பெனி குறிப்பில் பாருங்க, மாடலுக்கு மாடல் வேற.

கோப்புப் பெயர். இரண்டாவது தடவை இறக்கினா பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 போட்டுடும். கேமரா அந்தப் பெயரைத் தேடாது. விண்டோஸ் வால் பெயரை (கோப்புப் பெயரின் கடைசியில் வரும் '.bin' மாதிரி பகுதி) மறைச்சு வெச்சிருப்பதால, நாம '.bin'னு எழுத, அது '.bin.bin'னு ஆகிக் கிடக்கும். வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' ஆன் பண்ணிட்டுப் பெயரைச் சரிபாருங்க.

வாலாஜா_வளைவு

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கும் இதே முறைதானா? பென் டிரைவ் போட்டா சில சமயம் தெரியுது, சில சமயம் தெரியல.

ஜவ்வாது_ஏற்றம்

பாதி இதே முறை. ஃபேட்32 பென் டிரைவ், வேற கோப்பு எதுவும் இல்லாம காலியா, வெளி அடுக்கில் அப்டேட் கோப்பு. ஸ்டீரியோவின் பின்னால் இரண்டு யூஎஸ்பி வயர் தொங்கும், ஒன்றில் வராததை இன்னொன்றில் பாருங்க. டாஷ்போர்டு ஓட்டையில் பதித்த நீட்டிப்பு வயரை நம்பாம, ஸ்டீரியோவின் சொந்த வயரிலேயே நேரா செருகுங்க.

ஆனா ஒரு வித்தியாசம். இங்கே இரண்டு வகை அப்டேட், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வேற, எம்சியூ வேற. எம்சியூதான் ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, சாவி திருப்பினதும் எழுவது எல்லாத்தையும் பார்க்குது. 'அபவுட்' பக்கத்தில் எம்சியூ பதிப்பைப் படம் எடுத்து வெச்சு, அந்தக் குடும்பத்துக்கான கோப்பா இருந்தா மட்டும் போடுங்க. வெளியே ஒரே மாதிரி தெரியுற இரண்டு ஸ்டீரியோவுக்குள்ள வேற வேற போர்டு இருக்கும். எம்சியூவில் குறை எதுவும் இல்லைன்னா அதைத் தொடாமலே இருப்பது நல்லது.

அப்டேட் ஓடும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 10 வோல்டுக்குக் கீழே கூட இறங்கும், ஸ்டீரியோ அணைஞ்சு எழும், அதோடு கதை முடிஞ்சது. தொடங்கும் முன் மீட்டரில் பாருங்க: நல்ல பேட்டரி ஓய்வில் 12.6, 12.2 என்றால் பாதிதான் இருக்கு. பாதியில் இருந்தா முன்கூட்டியே இன்ஜின் ஓடவிட்டு, அப்படியே ஓடும்போதே அப்டேட்டையும் தொடங்குங்க, வெட்டவெளியில். மூடிய ஷெட்டில் இன்ஜின் ஓடக் கூடாது.

ஆற்காடு_ரோடு

தேதி மாத்தினதும் சர்வர் கிடைச்சுடுச்சு. ஜிபிஎக்ஸ் காப்பி எடுத்தாச்சு. இப்ப 'நினைவகம் போதவில்லை'ன்னு வருது. உள் நினைவகம் 4 ஜிபி.

அகழிக்கரை

எதிர்பார்த்ததுதான். கருவியில் மெமரி கார்டு துளை இருந்தா ஃபேட்32 கார்டு போட்டு, வயரை எடுத்துட்டு மறுபடி இணைங்க. சாஃப்ட்வேர் கார்டில் மேப் போடவான்னு கேட்கும். கார்டு துளை இல்லைன்னா வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க வழி இருக்கான்னு பாருங்க. பழைய மேப் வேணாம்னு நாமே கையால் கோப்பு அழிச்சு இடம் தேத்துவது கூடாது. எது மேப், எது கருவி எழுந்திருக்க வேண்டிய கோப்புன்னு பெயரை வெச்சுச் சொல்ல முடியாது. தேவையில்லாத குரல் கோப்பு, வேற மொழி உதவிக் கோப்பு, இதையும் சாஃப்ட்வேர் வழியா மட்டும் நீக்குங்க.

ஆற்காடு_ரோடு

16 ஜிபி கார்டு போட்டேன், இறங்கி முடிஞ்சு இப்ப நேவிகேட்டருக்குப் போகுது. கருவி கை வைக்க முடியாத சூடு.

வயர்மேன்_காட்பாடி

காரிலிருந்து நேரா எடுத்துவந்து செருகினீங்களா? சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் பூட்டிய காருக்குள்ள இருந்த கருவியை ஆறவிட்டுத்தான் இணைக்கணும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது. இப்ப அறுக்காதீங்க. திரை வெளிச்சத்தை மாத்த முடிஞ்சா குறைங்க, உறையைக் கழற்றுங்க, ஃபேன் காத்து படும்படி மேசைமேல் வைங்க, மெத்தைமேல் வேண்டாம். முடிஞ்சதும் திரையின் ஓரம் உப்பியிருக்கான்னு பாருங்க. உப்பியிருந்தா பேட்டரி வீங்கிடுச்சு, மாத்தாம மறுபடி சார்ஜ் போடாதீங்க.

ஆற்காடு_ரோடு

முடிஞ்சது, உப்பல் இல்லை. ராணிப்பேட்டை தனி மாவட்டமாக் காட்டுது. ஆனா சாட்டிலைட் பிடிக்கலை, சேமிச்ச இடங்களும் காணோம்.

நீலத்திரை

சாட்டிலைட்: திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, அசையாமல் கால் மணி நேரம் விடுங்கள். சாட்டிலைட்களின் முழுப் பட்டியல் ஒருமுறை வந்து சேரவே 12.5 நிமிடம் ஆகும். ஓடிக்கொண்டே தேடினால் பாலத்துக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு விட்டுத்தான் வரும்.

அகழிக்கரை

இடங்கள்: மறுபடி இணைச்சு ஜிபிஎக்ஸ் ஃபோல்டரைத் திறங்க. அங்கே புதுசா ஒரு 'கரன்ட்' இருக்கும், அதன்மேல் பழசை எழுதாதீங்க. உங்க காப்பியின் பெயரை 'பழசு'ன்னு ஆங்கில எழுத்தில் மாத்தி அதே ஃபோல்டரில் போடுங்க. விண்டோஸில் எஜெக்ட் கொடுத்துட்டு வயரை எடுங்க. கருவி எழும்போதே அதைப் படிச்சுக்கும், சில மாடலில் 'இறக்குமதி செய்யவா'ன்னு கேட்கும். மொத்தமும் தேர்ந்தெடுங்க. இரட்டிப்பா வந்த இடங்களைப் பட்டியலில் கையால் அழிச்சுக்கலாம்.